பாலைவனத்தில் இரண்டு தேங்காய்

— ஏணியில இருந்து இறங்காதேங்கோ. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லிப்போட்டு இறங்குங்கோ.

— மயூரா, லைட் பூட்டத்தானே கூப்பிட்டனீர்? பூட்டியாச்சு, எரியுது. ஏணியை விடும். கீழ என்ர வான் டபுள் யெல்லோக் கோட்டில நிக்குது, கவுன்சில்காரன் டிக்கெட் ஒட்டிப்போடுவான்.

— ஒட்டட்டும். இந்தப் படத்தைப் பாருங்கோ சற்குணம். மேல இருந்தே தெரியும், பெரிசாத்தான் பிரிண்ட் எடுத்தனான்.

— ஒரு கல்லு.

— வடிவாப் பாருங்கோ.

— வடிவான கல்லு.

— நெத்தியில மூண்டு குறி திருநீறு. நடுவில சரிஞ்ச குங்குமப் பொட்டு. கீழ தேங்காய்ப் பாதியள். அமெரிக்காப் பாலைவனத்தில, கிட்டின கடைக்கு எழுபது மைல் ஓடவேண்டிய இடத்தில. எங்கட பதினாலு பேரும் பயணம் முடிஞ்சு லண்டன் வந்து மூண்டாம் நாள், அங்கத்தை பார்க் ரேஞ்சர் அனுப்பினது.

— அங்கயும் சைவச் சனம் இருக்கினம்போல. சும்மா சொல்லக்கூடாது, எங்கட ஆக்கள் நல்லாப் பரவிட்டினம்.

— சற்குணம்.

— பத்மநாதன் அண்ணையா இருக்கும். அந்த மனுசன் ஹோட்டல் லிப்டுக்க நிண்டும் தேவாரம் படிச்சது.

— கேட்டனான். அந்தப் பக்கம் போன முதல் நாள் முழுக்க அவர் வயித்தாலடியில கிடந்தவர். மனுசி சிவமலரக்கா எத்தினை தரம் எண்டும் சொன்னா. அது எனக்குத் தேவையில்லாத கணக்கு.

— அப்ப நரி ஏதும் உருட்டிக்கொண்டு வந்திருக்கும்.

— நரி திருநீறு பூசுமோ?

— நீர் நரியைப் பற்றி என்ன கண்டீர்? நான் சுவிஸில இருக்கேக்க ஒரு நரி...

— சுவிஸ் நரியை விடுங்கோ. நாலு மணிக்கு மீட்டிங். ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எங்கட சரிட்டி அமைப்பு என்ன வேலை செய்யிறது எண்டாவது தெரியுமோ உங்களுக்கு?

— தெரியாமலோ? இஞ்சயிருந்து பாலைவனம் பாக்கப் போற சனத்துக்கு, தண்ணி கொண்டுபோ, பாதையை விட்டு இறங்காதை, பாம்பைச் சுரண்டாதை எண்டு சொல்லிக்குடுக்கிறது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில, சீலைக்கடைக்கு மேல இருந்துகொண்டு.

— ஓம். அந்த இடத்தை வந்த மாதிரியே விட்டிட்டுப் போங்கோ எண்டு சொல்லுறதுதான் எங்கட முழு வேலையும். தமிழ்ச் சனத்தையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு ரெண்டு வருசமாக் கெஞ்சி, முதல்தரம் கூட்டிக்கொண்டு போனன். இப்ப அங்க என்ன நடக்குது தெரியுமோ? போறவை எல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால ஏதோ வைக்கினமாம். ஒருத்தி தலைமயிர்க் கிளிப். ஒருத்தன் சன் கிரீம். ஒரு யோகா ரீச்சர் ரெண்டு நாளா எழும்பாமல் இருந்தவவாம்.

— பாத்தீரே, சக்தியுள்ள கல்லு.

— அணில் எல்லாம் தேங்காய் திண்டு பழகிட்டுதாம். இப்ப ஆக்களின்ர பையைத் துழாவுதாம். அதுக்கு மேல ஒரு புரொபெசர், இது ஆதிகாலத்து வழிபாடாயிருக்கலாம், தான் வந்து வயசு பாக்கப்போறன் எண்டு எழுதியிருக்கிறார்.

— குங்குமத்துக்கு வயசு பாத்தால் லண்டன் ஈஸ்ட்ஹாம் கடை பில் வரும்.

— அந்தக் குங்குமம் ஈஸ்ட்ஹாம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— ...பொதுவாச் சொன்னனான்.

— சிரிக்காதேங்கோ. டைரக்டர் காலமை போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. ஆர் செய்ததெண்டு பேரோட நாலு மணிக்கு எழுதிக் குடுக்கவேணும். இல்லையெண்டால் தமிழ்ச் சனத்தின்ர பயணம் இனி இல்லை. அவ நல்ல மனுசி, குரலை உயர்த்தேல்லை. அதுதான் எனக்குக் கூடுதலா நொந்தது.

— நானும் ஒண்டு கேக்கவோ? கிங்ஸ்பரியில சிவமலரக்காவின்ர மகளின்ர கலியாணத்தில, ஐஸ்கிரீம் வரிசையில வைச்சு நான் உம்மட்ட ஒரு விசயம் கேட்டனான். பாலைவனம் போய் வந்து சொல்லுறன் எண்டீர். வந்து மூண்டு கிழமை. கலியாணப் பொம்பிளைக்கே வயித்தில பிள்ளையாம்.

— அதையும் இந்த ஏணியில வைச்சே முடிப்பம். நான் ஏற்கெனவே ஒருத்தன்ர பொய்யோட பதினொரு வருசம் இருந்தனான், உங்களுக்குத் தெரியும். பொரிச்ச கோழிக்கும் பொய், வேலை போனதுக்கும் பொய். எனக்கு ஆம்பிளையின்ர வடிவும் வேண்டாம், வானும் வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வேணும். கடைசித்தரமாக் கேக்கிறன். இந்தக் கல்லை ஆர் வைச்சது?

— இப்ப நேரம் என்ன?

— மூண்டு இருபது.

— நான்தான்.

— சரி. ஏன்?

— ரோட்டை விட்டு மண் பாதையில வாகனம் இறங்கப்போகுது. போன் வேலை செய்யாது, பெட்ரோல் கிடையாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில நிப்பாட்டித் தேங்காய் உடைக்காமல் போற பஸ்ஸை நீர் கண்டிருக்கிறீரே? எல்லாரும் போட்டோ எடுக்கேக்க நான் அந்தப் பக்கமாப் போய், ஒரு கல்லை நிமித்தி வைச்சன். பொக்கெற்றுக்க திருநீறும் குங்குமமும் கிடந்தது. தேங்காய் அங்கத்தை சூப்பர்மார்க்கெட்டில வாங்கினது, மூண்டு டொலர்.

— கற்பூரம்?

— கொளுத்தேல்லை. நெருப்பு கூடாது எண்டு உம்மட கையேட்டில நாலாம் பக்கத்தில கிடக்கு.

— அப்ப ஒன்பதாம் பக்கம்?

— கல்லை எடுத்துக்கொண்டு போகாதேங்கோ எண்டுதானே கிடக்கு? நான் எங்க கொண்டுபோனன்? படுத்திருந்ததை இருத்தினனான். அவ்வளவுதான்.

— அந்தக் கையேட்டில ஒரு விதியையாவது ஒழுங்காக் காப்பாத்தினனீங்களோ?

— ஏன், ரெண்டாம் நாள் மௌன மணித்தியாலம்? சூரியன் படேக்க ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கப்படாது எண்டு எல்லாரையும் பாறையில இருத்தினனீர். உமக்குப் பக்கத்தில, வாய் திறக்காமல், முழுசா இருந்தனான். சும்மா சொல்லக்கூடாது, பத்மநாதன் அண்ணை பயந்துபோய் என்ர நாடியைப் பிடிச்சுப் பாத்தவர்.

— ஓம். அது நானும் பாத்தனான். இப்ப இறங்கலாம். மெல்ல, ரெண்டாவது படி ஆட்டம்.

— அப்பாடா. முழங்கால் போச்சு.

— என்ன வேண்டினனீங்கள்?

— ஆ?

— தேங்காய் உடைச்சால் ஏதோ வேண்டியிருப்பீங்கள். வாகனம் பிரளாமல் போகவேணும் எண்டோ?

— அரைவாசி வாகனத்துக்கு. மற்ற அரைவாசி... உம்மட வாயால ஓம் எண்டு வரவேணும் எண்டு. எழுதும், அதையும் ரிப்போர்ட்டில எழுதும். எனக்கென்ன வெக்கம்.

— அது அணில் தேங்காய் திண்ட ரிப்போர்ட்டுக்குள்ள வராது. இன்னொரு சிக்கல் இருக்கு. ரேஞ்சர் ரெண்டு தேங்காய் எண்டு எழுதியிருக்கிறார். நாலு பாதி. எண்ணிப் படமும் எடுத்திருக்கிறார்.

— ரெண்டோ? பிள்ளையாராணை, நான் ஒண்டுதான் உடைச்சனான்.

— பில் இருக்கோ?

— மயூரா, தேங்காய்க்கு ஆர் பில் வைச்சிருக்கிறது? மற்றது வேற ஆரோ. எங்கட குறூப்பில இன்னொரு கள்ளன் இருக்கிறான்.

— அப்ப மிச்சப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கவேணும்.

— வேண்டாம், கேளும். எல்லாம் வயசுபோன சனம். சிவமலரக்கா அழத் தொடங்கினால் உம்மட மீட்டிங் நாளைக்கும் முடியாது. ரெண்டும் சற்குணம்தான் எண்டு எழுதும். இனி என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டினம், அவ்வளவுதானே? பயணம் நடக்கட்டும். நீர் கஷ்டப்பட்டுக் கட்டினது.

— செய்யாததைச் செய்தனான் எண்டு சொல்லப்போறீங்கள்?

— இது பொய்யில்லை. இது... ஷிப்ட் மாறிச் செய்யிற மாதிரி.

— ஏலாது. ரெண்டாவது பேர் ஏற்கெனவே எழுதியாச்சு. லப்டொப்பைப் பாருங்கோ.

— கண்ணாடி வானில. வாசியும்.

— 'இரண்டாவது தேங்காயை உடைத்தவர்: மயூரா, பயணப் பொறுப்பாளர்.'

— நீரோ? கையேடு எழுதின நீரோ?

— கடைசி நாள் விடிய, நீங்கள் எல்லாரும் பெட்டி ஏத்தேக்க, சமையல் சாமானில மிஞ்சின தேங்காயை. கல்லை நான் முதல் நாளே கண்டிட்டன். தன்ர நெத்தியிலயும் பொட்டை இவ்வளவு சரிவா வைக்கிற ஆள் எங்கட குறூப்பில ஒருத்தர்தான். உங்கட வாயால வரட்டும் எண்டுதான் மூண்டு கிழமை பாத்துக்கொண்டிருந்தனான்.

— அதுக்காக என்னை ஏணியில... சரி, அது கிடக்கட்டும். நீர் என்னத்தை வேண்டி உடைச்சனீர்?

— வேண்டேல்லை. நேர்த்திக்கடன் முடிச்சனான். லண்டன் வரும்வரைக்கும் பொறுக்கேலாமல் போச்சுது.

— என்ன நேர்த்தி?

— நீங்கள் ஐஸ்கிரீம் வரிசையில கேட்ட அடுத்த வெள்ளி, விம்பிள்டன் பிள்ளையாருக்கு முன்னால போய் நிண்டு சொன்னனான்: இந்த மனுசன் எப்பவாவது ஒரு மணித்தியாலம் என்ர பக்கத்தில வாய் மூடி இருந்தால் நான் கட்டுறன், உனக்கு ஒரு தேங்காய்.