அந்தப் பை இனி யார் வீட்டில்?

தலைமை வகிக்கும் எங்கள் சங்கத் தலைவர் மகேந்திரராசா அண்ணை அவர்களே, இந்த மண்டபத்தை இன்றும் எங்களுக்குத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் நீல்ஸ் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் விக்ரோரியா அக்கா, கோப்பன்ஹேகனிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் இருட்டோடு புறப்பட்டு வந்திருக்கும் அணி வீரர்களே, உங்கள் எல்லோருக்கும் தவமணியின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஒரு டெனிஷ்காரருக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொல்கிற பெண். எப்போதும் மற்றவர்களின் வார்த்தைகளையே பேசியவள். இன்றைக்கு என் சொந்த வார்த்தைகளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்து வாசிக்கிறேன். குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணித் தலைவர், எங்கள் பந்துக்காப்பாளர், மன்னார் பேசாலையைச் சேர்ந்த பஸ்தியாம்பிள்ளை ஞானரட்ணம் அவர்கள் நம்மைவிட்டுப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்றவர், மறுநாள் காலை கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில், உடுப்பு மாற்றும் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழும்பவில்லை. அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இந்தக் கூட்டம் முடிந்த பிறகு இன்னொரு விடயமும் பேசப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். வருகிற ஆண்டுக்கு எங்கள் உதைபந்தாட்ட அணியைப் பதிவதா, கலைப்பதா? இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கலைத்துவிடலாம் என்பதுதான் பலருடைய எண்ணம் என்று கேள்விப்பட்டேன். நான் வாதாட வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அவரைப் பற்றிச் சொன்னால் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

எண்பத்தைந்தாம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இந்தக் கல்லூரியின் மேல்மாடியில்தான் நாங்கள் எல்லோரும் அகதிகளாக இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் டெனிஷ் வகுப்பு. பிறகு தபால்காரருக்காகக் காத்திருப்பது. வேறு என்ன இருந்தது? பின்பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தது. முதல்வர் நீல்ஸ் ஒரு பந்து தந்தார். ஞானரட்ணம் அண்ணை பதினொரு பேரைச் சேர்த்தார். அடுத்த கிழமை, கல்லூரியின் பெயரில், மிகக் கீழான ஆறாம் பிரிவில் அணியைப் பதிந்துவிட்டு வந்தார்.

வெளியூரில் ஆடிய முதல் ஆட்டம் யாருக்கு மறக்கும்? மூன்றுக்கு ஒன்று வென்றோம். விசில் ஊதியதுதான் தாமதம், அந்தோனிதாசன், நீங்கள்தான் கத்தினீர்கள்: "ஓடுங்கோடா, இப்ப கல்லு வரும்!" ஊரில் அப்படித்தானே? அடுத்த ஊருக்குப் போய் வென்றால் பரிசைவிட உயிர்தானே பெரிது? பூட்சோடு எல்லோரும் சைக்கிள்களுக்கு ஓடினீர்கள். தோற்ற அணி முழுவதும் உங்களைத் துரத்திக்கொண்டு ஓடியது. அவர்கள் துரத்தத் துரத்த நீங்கள் இன்னும் வேகமாக ஓடினீர்கள். ஆட்டத்தில்கூட அந்த வேகத்தை நான் காணவில்லை.

மைதானத்தில் மிஞ்சியது நானும் ஞானரட்ணம் அண்ணையும். அவர் ஓடாததற்குக் காரணம் வீரம் இல்லை. நீங்கள் விட்டுவிட்டுப்போன காற்சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அணியின் தலைவர் ஹோல்கர் மூச்சு வாங்க என்னிடம் வந்து, "ஏன் ஓடுகிறார்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். இங்கே ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் ஒரே மேசையில் கோப்பி குடிப்பார்களாம். அதற்குக் கூப்பிடத்தான் துரத்தியிருக்கிறார்கள். வென்றவர்கள் கோப்பி குடிக்காமல் போனால்தான் தங்களுக்குக் கோபம் வரும் என்றார். இதோ, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் ஹோல்கர். தன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்க்கிறார். இதையெல்லாம் பிறகு அவருக்கு டெனிஷில் சொல்வேன்.

அன்றைக்கு அண்ணை பதினொரு பேருக்குமாகத் தனியாக உட்கார்ந்து கோப்பி குடித்தார். குடித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தார். அவர்களில் ஒருவர் அழுக்கு ஜேர்சிகளை எல்லாம் ஒரு பெரிய பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"தங்கச்சி, அந்தாள் ஏன் எல்லாற்றை உடுப்பையும் கொண்டு போறார் எண்டு ஒருக்காக் கேளும்."

கேட்டேன். கிழமைக்கு ஒருவர் முறை வைத்துக் கழுவுவதாம். அன்றிரவுச் சாப்பாட்டில், இதே மண்டபத்தில், அண்ணை எழும்பி நின்று சொன்னார்:

"இனி எங்களுக்கும் ஒரு பைதான். முறை வைச்சுத் தோய்க்கிறது. பையைக் கொண்டு போனவன் அடுத்த ஞாயிறு கட்டாயம் வரவேணும். வராட்டில் மற்றவை வெறும் மேலோடைதான் நிக்கவேணும், விளங்குதோ?"

"அண்ணை, கீழ்மாடியிலை தோய்ச்சு மேல்மாடிக்குக் கொண்டு வாறதுக்கு ஏன் ஒரு பை?" என்று குலேந்திரன் கேட்டது எனக்கு ஞாபகம். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். அன்றைக்கு அது பகிடிதான்.

அந்த ஆண்டு எங்களை யாராலும் வெல்ல முடியவில்லை. கடைசி ஆட்டம் ஒக்டோபர் மழையில் நடந்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு தண்டனை உதை. அண்ணை இடப்பக்கம் பாய்ந்து பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை. அடிபட்டுவிட்டது என்று நாங்கள் ஓடினோம். சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தபடி கிடந்தார்.

"ஒண்டுமில்லை. கொஞ்சம் கிடக்கிறன். இப்பிடி ஒருநாள் இனி வராது."

அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா? உங்களுக்குப் பின்னால், சுவரில், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் இன்னும் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள். சேறு பூசிய முகத்தோடு நடுவில் நிற்பவர் அவர். அந்தப் படத்தில் இருக்கும் ஒருவரிடமும் அன்றைக்கு வதிவிட அனுமதி இல்லை.

அதன் பிறகு அனுமதிகள் வரத் தொடங்கின. எந்தச் செய்திக்காக இரவும் பகலும் காத்திருந்தோமோ, எந்தச் செய்திக்காக அண்ணையின் மனைவி விக்ரோரியா அக்கா அங்கே ஊரில் மடு மாதா கோவிலில் நேர்த்தி வைத்தாரோ, அந்தச் செய்திதான் அணியைக் கலைத்தது. அந்தோனிதாசனை விபோர்க்குக்கு அனுப்பினார்கள். குலேந்திரன் கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலைக்குப் போனார். இன்னும் ஒவ்வொருவராக, ஒவ்வொரு கொமூன் நகராட்சிக்கு. ஒவ்வொரு முறையும் இந்தக் கல்லூரி அடுப்பில் பாயாசம் காய்ச்சினோம். ஒவ்வொரு முறையும் அண்ணை போகிறவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு போய் அவருடைய ஜேர்சியை மடித்து வைத்தார். ஒருவருக்கு நல்லது நடக்க நடக்க அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. இதற்கு யாரைக் குறை சொல்வது?

அவருக்கும் அனுமதி வந்தது. விக்ரோரியா அக்காவின் தங்கை கோப்பன்ஹேகனில் இருக்கிறார், அங்கே போகலாம் என்றார்கள். அவர் கிரின்ஸ்டெட் போதும் என்றார். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய கார் ஒன்று வாங்கினார். வென்றதால் எங்களை ஐந்தாம் பிரிவுக்கு உயர்த்தியிருந்தார்கள். மைதானங்கள் இன்னும் தூரமாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கெல்லாம் பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுப்பார். ஞாயிறு விடியக் காரை எடுத்துக்கொண்டு உங்களைப் பொறுக்கப் போவார்.

இந்த ஆண்டு எப்படி ஆடினோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏழு, எட்டு என்று கோல் வாங்கினோம். எட்டுப் பேரோடு ஆடிய நாளும் உண்டு. ஒரு ஞாயிறு, கோப்பன்ஹேகன் இருக்கும் தீவிலிருந்து குலேந்திரன் வந்த கப்பல், கடலில் மூடுபனி என்று தாமதமாகிவிட்டது. கரையிலிருந்து ரயில், ரயிலிலிருந்து வாடகைக் கார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்கு ஓடி வந்தார். அப்போது ஒன்பதுக்குப் பூச்சியம். கோப்பி மேசையில் குலேந்திரன் வெடித்தார்.

"விடுங்கோ அண்ணை. ஒரு வருசம் வெண்டம், அது காணும். இப்பிடிச் சிரிப்பாய்ச் சிரிக்கவோ நான் கடல் தாண்டி வாறன்?"

அண்ணை சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "வெண்ட வருசம் எல்லாரும் ஒரே மாடியிலை படுத்தனீங்கள். ஒருத்தன்ரை முகத்தை ஒருத்தன் பாக்க மாட்ச் தேவைப்படேல்லை. இப்பதான்ரா தேவை."

குலேந்திரன் போகும்போது பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு அந்தப் பை கப்பல் ஏறித் திரும்பி வந்தது. அவரும் வந்தார். வேறு வழி?

விக்ரோரியா அக்கா இந்த மே மாதம்தான் வந்து சேர்ந்தார். அவர் கண்டதெல்லாம் தோல்விதான். ஒருநாள் மைதான ஓரத்தில் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "தவமணி, இவை உண்மையாவே ஒருக்கா வெண்டவையோ? அல்லாட்டில் எனக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டு இவர் கடிதத்திலை எழுதினவரோ?"

"உண்மை அக்கா. நான் பாத்தனான்" என்றேன்.

அக்கா, இன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் மீண்டும் சொல்கிறேன். உண்மை. அவர் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

கடைசி ஆட்டத்திலும் தோற்றோம். மீண்டும் ஆறாம் பிரிவுக்கு இறங்கிவிட்டோம். அன்றைக்குப் பை எடுக்க யாரும் முன்வரவில்லை. இனி ஆட்டம் இல்லைத்தானே என்று எல்லோரும் ரயிலைப் பிடிக்க அவசரப்பட்டார்கள். அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். தோய்த்து, நிலவறையில் கயிறு கட்டிக் காயப்போட்டார். அடக்கம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகுதான் அக்கா அங்கே இறங்கிப் போனார். எல்லா ஜேர்சிகளும் காய்ந்து அப்படியே தொங்கின. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரி போட்டார். முதலாம் இலக்க ஜேர்சியை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன்.

"இல்லையடி. அது அவரின்ரை இல்லை. அணியின்ரை" என்று அதையும் பையில் வைத்தார்.

மகேந்திரராசா அண்ணை, நீங்கள் துக்கம் தாங்காமல்தான் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு மரண வீட்டில், "உந்தப் பந்துதான் ஆளைக் கொண்டு போனது, இனி அதை விட்டிடுவம்" என்றீர்கள். அதற்கு விக்ரோரியா அக்கா சொன்ன பதிலை அழுகைச் சத்தத்தில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய சம்மதத்தோடு சொல்கிறேன்.

"கிழமை முழுக்க அந்த மனுசன் வாய் திறக்காது. ஞாயிற்றுக்கிழமையிலைதான் சிரிக்கிறது. அதிலை போய்ப் பழி போடாதேங்கோ."

அன்பானவர்களே, ஞானரட்ணம் அவர்கள் எங்களுக்கு விட்டுப்போனது என்ன? வெற்றிக் கிண்ணமா? ஆறாம் பிரிவில் கிண்ணம் கொடுப்பதில்லை. வெற்றி ஒரு வருடம்தான். அது முடிந்துவிட்டது. திரும்பி வராது என்று அவரே சேற்றில் கிடந்து சொன்னார். அவர் விட்டுப்போனது தோற்ற வருடம். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கத் தேவைப்பட்ட வருடம். அதைக் கட்டி இழுத்தவர் அவர். இந்த அணியும் இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் இனி எங்கே சந்திப்பீர்கள்? இதைப் போன்ற இன்னொரு கூட்டத்திலா?

இதோ, மேடைக்குக் கீழே, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் பைதான். நீங்கள் எல்லோரும் வரும்போதே பார்த்தீர்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியதையும் நான் பார்த்தேன்.

எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. அப்பா அம்மா கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டிலிருந்து பட்டம் படிக்க வந்தவள் நான். வாசித்தது கணிதம். ஆனால் தோய்க்கத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கத் தெரியும். ஆள் குறைந்தால் அதை டெனிஷில் சொல்லத் தெரியும். வாக்களிக்கும் நேரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் கை உயர்த்தினாலும், இன்று இந்தப் பையை நான் என் அறைக்குக் கொண்டுபோகிறேன். கொண்டு போனவர் கட்டாயம் வரவேண்டும் என்பதுதானே அண்ணை வைத்த சட்டம்? ஏப்ரலில் முதல் ஞாயிறு, பின்பக்க மைதானத்தில், கோலுக்குப் பக்கத்தில் இந்தப் பையோடு நான் நிற்பேன். முதல் ஆட்டம் ஹோல்கரின் அணியோடு கேட்டு வைத்திருக்கிறேன். கோப்பி போட்டு வைப்பதாகச் சொல்லச் சொன்னார்.

குளிர்காலம் முழுவதும் இந்த ஜேர்சிகள் என்னிடம் சுத்தமாக இருக்கும். முதலாம் இலக்கமும் இருக்கும். அதை யார் போடுவது என்பதை நீங்கள் பேசி முடிவெடுங்கள்.

ஞானரட்ணம் அண்ணை, போய் வாருங்கள். இந்த முறை பை என்னுடையது.