ஈரம் காய்வதற்குள்

மை ஓவியத்தில் அழிப்பதற்கு வழி கிடையாது. தாளை நனைத்துத் தூரிகையை வைத்துவிட்டால், ஈரம் காய்வதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணு. உன் அம்மா என் முன்னால் அசையாமல் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள்.

அவளுடைய கடைசிப் படத்தைக் கூடத்தில் மாட்டக் கேட்டிருக்கிறாய். தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் விற்கும் கடைக்காரர் ஒருமுறை, "கை சுத்தம் சார். ஆனா உங்க ஆளுங்க யாருக்கும் உடம்புல கனமே இல்லையே" என்றார். உண்மை என்பதால் சுருக்கென்று தைத்தது. அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டேதான் அன்றும் உன் அம்மாவைச் சன்னலோரம் உட்கார வைத்தேன். தோளின் நிழலுக்கு நீர்த்த மையை விட்டுக்கொண்டிருந்தபோது அவள், "டேய், இடது கை மரத்துப் போச்சுடா" என்றாள்.

"ஆடாதேக்கா. தாள் ஈரமா இருக்கு."

"நீயும் உன் தாளும்" என்று சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்தது.

பிறகு அந்தத் தோள் தானாக இறங்கியது. எனக்கு இத்தனை வருடமாகக் கைக்கு வராத கனம் அதில் இருந்தது. தூரிகையை அழுத்தினேன். மை பரவி, தோளிலிருந்து மடிவரை ஒரே இழுப்பில் ஓர் உடம்பு வந்து உட்கார்ந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட முயன்றாள், சொல் வரவில்லை. சொல்லவே கூசுகிறது, நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படி மாமா தெரிஞ்சிருக்கும், விடுங்க" என்றாய். தெரியும். என் அப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, இப்படித்தான் வாய் கோணியது. அன்றைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார்.

ஈரம் காத்திருக்காது, இந்த ஒரு தாள் முடியட்டும், உடனே போன் செய்யலாம் என்று நினைத்தேன். இன்றுவரை அந்த ஒரு தாளைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டு தூங்குகிறேன்.

ஆனால் அந்தத் தாளை அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் வாய் சரியாக வரவில்லை. நீ கேட்கும் படம், அதற்குப் பிறகு நான் நனைத்த இரண்டாவது தாள்.