சூடு தெரியாத கால்கள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஆலயத் தலைவர் இராமசாமி ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோரே! பந்தல் நிறைந்திருக்கும் தாய்மாரே! நாளைய தீமிதிக்காகக் காப்புக் கட்டிக் காத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே! சிலிம் ரிவர் பழைய தோட்டத்து மக்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஷாமினி. ஈப்போவிலிருந்து வருகிறேன். சர்க்கரை நோய் தோட்டத்து மக்களை ஏன் இப்படி வேட்டையாடுகிறது என்று ஆராய்வது என் வேலை. வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். என் நெஞ்சிலோ வாழ்த்தைவிட அச்சமே பெரிதாக நிற்கிறது.

போன ஆண்டு தீக்குழியைக் கடந்த அர்ச்சுனன் அண்ணன் என்ன சொன்னார்? "தங்கச்சி, சூடே தெரியல லா! பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு. ஆத்தா அருளு!" கூட்டமே கும்பிட்டது. பந்தலைப் பிரிப்பதற்குள் பாதம் புண்ணானது. புண் கறுத்தது. ஒரு விரலை எடுத்தார்கள். இதோ, அதே அண்ணன் மீண்டும் காப்போடு அமர்ந்திருக்கிறார்!

அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நரம்பைத் தின்ற காலுக்கும் சூடு தெரியாது. முள் தெரியாது. கண்ணாடித் துண்டும் தெரியாது. இதை நமக்கு யார் சொன்னார்கள்? தோட்டம் மூடியபோது தோட்டத்து ஆஸ்பத்திரியும் மூடியது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, மருந்து வந்ததா? பஸ் வந்ததா? பட்டணத்துக் காலைத் தொட்டுப் பார்க்க ஆள் உண்டு. நம் காலைத் தொட்டுப் பார்க்க யார் உண்டு?

என்ன அர்ச்சுனன் அண்ணே, "நான் நல்லாதான் இருக்கேன்" என்கிறீர்களா? உங்கள் மனைவி பாப்பா அக்கா எழுந்துவிட்டாரே! சொல்லுங்கள் அக்கா.

"என்னா நல்லா இருக்கு? நேத்து பசார்ல ஒத்த சிலிப்பர் கழண்டு விழுந்துச்சு. அதுகூட தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்தாரு இந்த மனுசன்!"

சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள் தாய்மாரே! அக்கா சிரிக்கவில்லை, பாருங்கள்.

பந்தலுக்குப் பின்னால் தாதியர் இருக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கால்விரலைத் தொடுவார்கள். தொட்டது தெரியாவிட்டால், நாளை குழியில் இறங்காதீர்கள். பால்குடம் ஏந்திக் குழியைச் சுற்றி வாருங்கள். தலைவர் ஐயாவும் இதற்கு இசைந்துவிட்டார்.

அண்ணே, என்ன கேட்கிறீர்கள்? "காப்புக் கட்டிட்டு எறங்காம போனா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

கோபித்துக்கொள்வாளா? பெற்ற பிள்ளையின் காலைக் கேட்கிறவள் தாயா? நொண்டிக்கொண்டு வா என்பவள் தாயா? நடந்து வா, நாளையும் வா, அடுத்த ஆண்டும் வா என்பவள் அல்லவா தாய்!

அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டார். இருவரும் பந்தலுக்குப் பின்னால் போகிறார்கள். இன்னும் சிலர் எழுகிறார்கள். அமர்ந்தே இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஆகவே இத்தோடு நிறுத்துகிறேன். நானும் பஞ்சோடு அங்கே வருகிறேன்.

செவி தந்தவர்களுக்கு நன்றி. எழுந்த கால்களுக்கு என் வணக்கம்!