ஒரு கிளிக் வித்தியாசம்

மெத்தை விஷயத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான நாளிலிருந்தே ஒத்துப்போனதில்லை. அவருக்குப் பலகை மாதிரி இருக்க வேண்டும், எனக்குக் கொஞ்சம் பஞ்சு வேண்டும். கடைசியில் ஒரே கட்டிலில் இரண்டு விதமான மெத்தை போட்டோம். நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அதில் அவருடைய கண்ணாடியும் என்னுடைய ரப்பர்பேண்டும் தூங்கும். எங்களுக்குள் பெரிய சண்டை ஏதாவது உண்டா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இல்லை சார். இந்த அளவில்தான்.

அவர் பல் டாக்டர். நான் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் சொல்பவள். தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "பல்லும் கண்ணும் வந்தாச்சு, இனி மூக்கும் காதும்தான் பாக்கி" என்று கேலி செய்வார்கள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். பல்லைக் காட்டுவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததே இல்லை, தொழில் விளம்பரம் அல்லவா.

அந்தக் கார் போன வருடம் வந்தது. மழைமேக நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகக் கிடக்கும். ஏறுவதற்கு உடம்பை மடிக்க வேண்டும். இறங்குவதற்கு யாராவது கையைப் பிடித்து இழுத்தால் நல்லது. கம்பெனியிலிருந்து வந்தபடியே நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ட்ராக்கில் பறக்க வேண்டும், திங்கட்கிழமை அதிலேயே கிளினிக்குக்கும் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். கூடவே என்னையும்.

நெட்டை அண்ணனை இப்போது உங்களுக்கே தெரியும். காருக்கு அடியில் படுத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பாரே, அவர்தான். அன்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ட்ராக்குக்கு இறுக்கம் வேணும் சார், ரோட்டுக்கு இளக்கம் வேணும். ஒரே வண்டியில ரெண்டும் வேணும்னா, ரெண்டையும் உட்கார வச்சு சமாதானம் பேசணும்."

"பேசிடுங்க" என்றார் இவர், போனைப் பார்த்துக்கொண்டே.

சமாதானம் என்றால் என்னவென்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். ஸ்பிரிங்குகளைக் குட்டையாகவும் கெட்டியாகவும் மாற்றினார். திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கக் குறுக்கே ஒரு தடித்த கம்பி போட்டார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர். அதன் தலையில் விரலால் திருகும் ஒரு சின்னக் குமிழ். ஒவ்வொரு திருகலுக்கும் கிளிக் என்று ஒரு சத்தம். வலப்பக்கம் திருகினால் இறுக்கம், இடப்பக்கம் திருகினால் இளக்கம். முன் இரண்டும் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின் இரண்டும் டிக்கியில் விரிப்புக்கு அடியில்.

கடைசியில் சக்கரங்களுக்கு அடியில் தராசு வைத்து, ஆள் உட்கார்ந்த நிலையில் எடை பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து இருக்கையில் பாரமாக நான்.

"கூச்சப்படாதே, தராசு யார்கிட்டயும் போய்ச் சொல்லாது" என்றார் இவர்.

நானும் சிரித்தேன். அந்த மத்தியானம் முழுக்க மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். மூட்டைக்கும் காது உண்டு. அண்ணன் இவரிடம் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டேன். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க சார். முன்னாடி இளக்கி, பின்னாடி இறுக்கிடாதீங்க. மெதுவா வளைக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. வேகமா திரும்புறப்ப வால் முன்னால வந்துடும். பிடிக்கவே முடியாது."

"ம்" என்றார் இவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார் வீட்டுக்கு வந்தது. சமாதானம் வரவில்லை. இவர் ரோட்டிலும் ட்ராக் இறுக்கத்திலேயே ஓட்டினார். இளக்கி ஓட்டுவது ஆம்பளைக்கு அழகில்லை என்பது மாதிரி. யார் வந்தாலும் இதே பேச்சுதான். "பல்லுல ஒரு முடி அளவு மேடு இருந்தாலும் என் விரலுக்குத் தெரியும். அதே மாதிரிதான் வண்டியும். யாராவது ஒரு கிளிக் மாத்தினாக்கூட உட்கார்ந்ததும் சொல்லிடுவேன்." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நான் பஜ்ஜித் தட்டை நீட்டுவேன்.

ஒருநாள் என் கடைக்குப் போகிற வழியில் ஒரு வேகத்தடை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. என் கீழ்ப்பல் போய் மேல்பல்லில் இடித்து, முன்பல்லின் ஓரம் உடைந்தது. துண்டு நாக்கில் கிடந்தது. "பார்த்தியா, ஆட்டமே இல்லை!" என்றார். நான் துண்டைக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டேன். கோபம் இல்லை சார், ஒரு ஆர்வம்தான். பல் டாக்டர் அல்லவா, எப்போது கவனிக்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன், பேசினேன், சிரித்தேன். நன்றாகத் தெரிகிற மாதிரி சிரித்தேன். கடைசியில் வேறொரு டாக்டரிடம் போய் அடைத்துக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரர் பார்க்கலையா?" என்று அவர் கேட்டார். "பிஸி" என்றேன்.

என் தொழிலில் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. கண்ணாடி நம்பர் பார்க்கும்போது சிலர் எல்லாவற்றுக்கும் "இதுதான் நல்லா இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தெரிகிறதா என்று பார்க்க, மாற்றுவது மாதிரி மாற்றி, அதே லென்ஸையே மறுபடி போடுவோம். "ஆஹா, இப்ப பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். அவர்கள்மேல் வருத்தம் வராது. எதை நம்ப வேண்டும், எதை நம்பக்கூடாது என்று நமக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அந்த மாதிரிதான் இதுவும் ஆரம்பித்தது. காலையில் அவர் குளிக்கும்போது பாடுவார். பாட்டு நீளம். அதற்குள் நாலு குமிழையும் முழுக்க இளக்கிவிட்டேன். என் பல்லுக்காகத்தான், வேறெதற்கும் இல்லை. கடை வரைக்கும் தொட்டில் மாதிரி போனோம். சாயந்திரம் தன் தம்பிக்குப் போன் போட்டு, "இன்னைக்குத்தான்டா வண்டி கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

அடுப்படிக்குப் போய்த்தான் சிரிக்க முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்ததில்லை.

பிறகு பழகிவிட்டது. சில நாள் இறுக்குவேன், சில நாள் இளக்குவேன். ஒருநாள் இடப்பக்கம் ஒரு விதம், வலப்பக்கம் ஒரு விதம். சர்வீஸுக்குப் போகும் முன் இருந்தபடி வைத்துவிடுவேன். அவர் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. நான் தொடாத ஒரு நாளில் மட்டும் முகம் சிவந்து வந்தார். "நெட்டை எதையோ மாத்திட்டான். எனக்குத் தெரியாதா?" என்றார். நேரே போய் அந்த மனிதரை எல்லோர் முன்னாலும் திட்டினார். "சார், வச்சது வச்சபடி இருக்கு, நீங்களே பாருங்க" என்று அண்ணன் குமிழைக் காட்டினார். இவர் பார்க்கவில்லை. அண்ணன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த குமிழையே மறுபடி துடைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. வேலை தெரிந்தவரைத் திட்டக்கூடாது.

அன்றைக்குத்தான் நினைத்தேன், சின்னச் சின்ன வித்தியாசம் இவருக்கு எட்டாது, கொஞ்சம் பெரிதாக வைத்துப் பார்க்கலாம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் போட்டி. முந்தின நாள் நெட்டை அண்ணன் எல்லாவற்றையும் சரியாக வைத்துக் கொடுத்திருந்தார். சரியாக என்றால் சரியாகத்தான் சார், நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். காலையில் பாட்டு ஆரம்பித்ததும் முன்னால் இரண்டையும் திருகல் நிற்கும் வரை இளக்கினேன். பின்னால் இரண்டையும் விரல் வலிக்கும் வரை இறுக்கினேன். டிக்கி விரிப்பைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டேன்.

வழக்கமாகக் கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து போவான். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு, "அடுப்படிக் குழாய் ஒழுகுது, இன்னைக்கு நீ இங்கேயே இருந்து பார்த்துக் குடுடா" என்றேன். "என்ன அண்ணி, போட்டி அன்னைக்கா?" என்று முனகினான். குழாய் ஒழுகவில்லை. வாஷரை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். அவன் சின்னப் பிள்ளைக்காரன், அவனுக்கு ஏதாவது ஆனால் நியாயமில்லை அல்லவா. "அப்ப நீ வா" என்று இவர் என்னைக் கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

ஆனால் வாய்ப்புக் கொடுக்காமல் நான் அனுப்பவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னேன்.

"ஏங்க, வண்டி ஒரு மாதிரி இருந்தா திரும்பி வந்துடுங்க."

"ஒரு மாதிரின்னா?"

"வேற மாதிரி."

சிரித்தார். "நீ கண்ணைப் பாரு, வண்டியை நான் பார்த்துக்கிறேன்."

தெருமுனையில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் மூக்கைத் தரையில் முட்டிக் குனிந்தது, பின்பக்கம் துள்ளியது. கேட்டில் நின்ற எனக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிரேக் விளக்கு எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. கையை வெளியே நீட்டி டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ட்ராக் வரைக்கும் அவ்வளவு தூரம் சார். எத்தனை வளைவு, எத்தனை பள்ளம். எங்கேயாவது ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்த்திருக்கலாம். நேர்ப்பாதை முடிகிற வேகமான திருப்பத்தில் வால் முன்னால் வந்ததாம். அண்ணன் சொன்ன மாதிரியேதான், கொஞ்சமும் பிசகவில்லை. சுவரில் பக்கவாட்டாக மோதி நின்றதாம். முதுகெலும்பு என்றார்கள். இனி நடக்கமாட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நெட்டை ஏதோ தப்பு பண்ணிட்டான்." அப்போதும்கூட.

அதனால்தான் அண்ணன் உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறார். நான் பேசாமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்று அவருடைய மனைவி கடைக்கு வந்து அழுதார். "நாலு பேர் சொல்லிச் சொல்லி, நானேதான் தப்பா வச்சிருப்பேனோன்னு இப்ப அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டாருங்க" என்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கை தப்புச் செய்யாது. அவரை விட்டுவிடுங்கள். குமிழைத் திருகியது நான்தான்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். என்ன சார் இது, பெரிய வார்த்தையெல்லாம். நான் அவரைப் பார்த்துக்கொள்கிற மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, வெயில் படும்படி சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் இங்கே வந்தேன். படி இருந்த இடத்தில் புதிதாகச் சரிவு போட்டிருக்கிறோம், நேராக ரோட்டுக்கு இறங்கும். நாற்காலியின் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறேன். ரொம்ப இல்லை. கவனிக்கிற மனிதராக இருந்தால் கை வைத்ததுமே தெரிந்துவிடும்.