வீட்டுக்குள் ஒரு சாட்சி

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை வேண்டாம் என்றதற்கு உங்கள் காவலர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். எனக்கு நோய் எதுவும் கிடையாது, ஆனாலும் சர்க்கரையை விட்டுப் பல வருஷமாகிறது. அடுத்தவருக்குச் சொல்வதை நாமும் செய்ய வேண்டும் அல்லவா.

நான் டாக்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். தூள் சட்டையில் படியாமல் இருக்க முதலாளி வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார். அந்தக் கோட்டோடு எடுத்த படத்தைத்தான் இணையத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கான எங்கள் உணவுக் குழுவில் வைத்திருந்தேன். யாரோ ‘வணக்கம் டாக்டர்’ என்று ஆரம்பித்தார்கள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மறுத்துப் பேசி அவர்கள் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மருந்தை நிறுத்து, பச்சைக் காய்ச் சாறு குடி. என் வைத்தியம் அவ்வளவுதான். உடம்பு தேறினால் அது சாற்றின் பலன். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ விஷம் வெளியேறுகிறது என்று பொருள், விடாமல் குடிக்க வேண்டும். மோசமாகிறது என்று யாராவது எழுதினால் குழுவே கைதட்டும். இந்த முறையில் தோல்வி என்பதே வராது. அதை நான்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிக்கிற உத்தியோகமாம். தன் படத்துக்குப் பதிலாகச் சமையல் தராசு ஒன்றை வைத்திருந்தாள். தராசம்மா என்று பெயர் வைத்தேன். அவள் கோபப்படவே மாட்டாள், கேள்விதான் கேட்பாள். படித்துவிட்ட திமிர் அப்படித்தான் இருக்கும். எனக்கு அவள் எழுத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுதினாள். “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைன்னு சும்மாவா சொன்னாங்க? டாக்டரே, உங்க வீட்டுல யாராவது ஊசிய நிறுத்திட்டு இதக் குடிச்சிருக்காங்களா? ஒருத்தரக் காட்டுங்க, நான் வாய மூடிக்கறேன்.”

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நான் குணப்படுத்தியவர்களும் அதில் இருந்தார்கள்.

வீட்டில் ஆள் இருந்தாள். என் தங்கை. தையல் ஆலையில் பட்டன் வைக்கிற வேலை. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது, ஊசி இல்லாமல் இருக்கக் கூடாது என்று குழந்தையாக இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு நான்தான் ஊசி போட்டு வளர்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். “சொல்லிட்டுக் குத்துண்ணா” என்பாள். நானும் சொல்லிவிட்டுத்தான் குத்துவேன்.

அவளை நான் கட்டாயப்படுத்தவில்லை. “ஒண்ணும் ஆகாதாண்ணா?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“நான் இருக்கேன்ல குட்டி? உன்னைக் கைவிட்டுடுவேனா?”

“சரிண்ணா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஃப்ரிட்ஜிலிருந்த மருந்துக் குப்பியையும் ஊசியையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை பார்க்கிற கருவியையும் எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்தால் மனம் வீணாகப் பயப்படும்.

சீக்கிரமே இளைத்தாள். படம் போட்டேன். குழுவில் கொண்டாட்டம். புதிதாக எத்தனையோ பேர் சேர்ந்தார்கள், சிலர் அன்றே மருந்தைக் குப்பையில் போட்டார்கள். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள், வாந்தி எடுத்தாள். ஒரு காலையில் அவள் மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது. ‘சர்க்கரை மூச்சு வழியாக வெளியேறத் தொடங்கிவிட்டது’ என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

தராசம்மா மட்டும் வேறு மாதிரி எழுதினாள். “அது ரத்தம் அமிலமாகுற வாசனை. உடனே இன்சுலின் போடலன்னா செத்துடுவாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்குங்க, நான் குழுவ விட்டே போயிடறேன். விலாசத்த மட்டும் சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடறேன்.”

அதை முழுவதும் படித்தேன். வேறு இடத்திலும் தேடிப் பார்த்தேன், அவள் சொன்னதேதான் இருந்தது. அப்புறம் அவள் எழுதியதை அழித்துவிட்டு அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன். அவள் விட்டுக்கொடுத்து நான் ஜெயிப்பது ஒரு ஜெயமா மேடம்? அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

தங்கையோடு வேலை செய்கிறவள் வந்து கதவைத் தட்டினாள். குட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே குட்டி ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை.

“ஊசி போடுண்ணா. சொல்லக்கூட வேணாம், குத்திடு.”

“விஷம் வெளியேறுது குட்டி. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

குப்பி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது தொடையில் இடித்தது. சாறு நிரம்பிய தம்ளரை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தேன். கை நிற்கவில்லை, அதனால் நானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படத்தை உங்களிடம் கொடுத்துவிட்டேன். அதில் தெரிகிற வெள்ளைக் கோட்டுக் கை என்னுடையது.

தராசம்மாதான் அலைந்து திரிந்து விலாசத்தைப் பிடித்து உங்களைக் கூட்டிவந்தாளாம். நீங்கள் கதவை உடைத்தபோது குட்டி போய்விட்டிருந்தாள். வாசலில் நின்று அந்தப் பெண் அழுததைப் பார்த்தேன். யாரோ ஒருத்திக்காக அவ்வளவு அழுகை எதற்கு என்று புரியவில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கொன்றது ஒருத்தியைத்தான். தெரிந்தேதான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மேடம். கருவியை எடுத்து வைத்துவிட்டதால் எனக்குத் தெரியாமலே போயிற்று. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கடைசியாக அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருப்பார்களே. கொஞ்சமாவது இறங்கியிருந்ததா? குழுவில் கேட்பார்கள்.