தேவானந்தம் எடுத்த வறண்ட பம்பின் படம்

மேடையில் வீற்றிருக்கும் நிவாரணக் கமிட்டிப் பெரியோர்களே, சித்தூர் சபையாரே, வரதய்யபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, கணவரை இழந்து வாடும் கிரேஸ் அம்மா அவர்களே, வணக்கம்.

நான் கிருபாபாய். கமிட்டியின் நர்ஸாக, மறைந்த தேவானந்தம் ஐயாவோடு ஒரே ஜீப்பில் ஊர் ஊராகப் போனவள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவரை உத்தமர் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. உயிரோடு இருந்தபோது இந்தச் சொல் எங்கே போயிருந்தது?

ஐயாவின் வேலை என்ன? வெளிநாட்டார் அனுப்பும் உதவியால் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று படம் எடுத்து, அவர்கள் கதையை எழுதி, அங்கே அனுப்புவது. பஞ்ச காலத்தில் வரதய்யபாளையத்தில் போர் போட்டுக் கைப்பம்பு வைத்தார்கள். நாங்கள் போனபோது பெண்கள் நிறைகுடத்தோடு பம்பைச் சுற்றி நின்றிருந்தார்கள். கமிட்டிச் செயலாளர், சீக்கிரம் படம் எடுக்கச் சொன்னார். ஐயா கேமராவைத் திறக்கவில்லை. பம்பின் கீழே மண் காய்ந்து கிடந்தது. பிடியைப் பிடித்து அடித்தார். காற்றுதான் வந்தது.

குடத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார். அந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமம்மா சொன்னார்:

"வண்டில பீப்பா கொண்டாந்து ஊத்தினாங்க சாமி. நீங்க படம் புடிச்சிக்கினு போனா, எங்களுக்குத் தண்ணி வந்துட்ச்சின்னு அவங்க நெனச்சிக்குவாங்க. அப்புறம் எங்க தண்ணிய யாரு கேப்பாங்க?"

குடங்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார் ஐயா. வறண்ட பம்பையும் அந்த முகங்களையும் படம் எடுத்தார். அதை அனுப்பினால் உதவி முழுதும் நின்றுவிடும் என்று செயலாளர் எச்சரித்தார். ஐயா அனுப்பினார்.

நின்றது, அன்பர்களே. வெளிநாட்டார் தொடங்கிய விசாரணை முடியும்வரை, பக்கத்துக் குடிபாலா ஊரில் குழந்தைகளுக்குக் கொடுத்த பாலும் நின்றது. தாய்மார்கள் என் முன்னாலேயே அவரைச் சபித்தார்கள். ஏதோ பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தவர் என்று பேசினார்கள். கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது அவர் உட்காரும் பெஞ்சில் இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை. கமிட்டி அவருடைய கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியது. தாம் செய்தது சரிதானா என்று அவருக்கே ஐயம் வந்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் எதிரே வந்தால், தெருவின் அடுத்த பக்கம் போய்விடுவார்.

பிறகு வெளியூர் இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்தார். வேறிடத்தில் ஆழமாகப் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. குடிபாலாவுக்குப் பாலும் திரும்ப வந்தது. ஐயாவை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவில்லை. புதுப் பம்பைப் படம் எடுக்கக் கமிட்டி வேறு போட்டோக்காரரை அனுப்பியது. லட்சுமம்மாவும் மற்றப் பெண்களும் அந்தப் புதியவர் முன்னால் நிற்க மறுத்தார்கள். "தேவானந்தம் சார் வந்தா நிக்கிறோம். அவர்தான் தண்ணி வருதான்னு பாத்துட்டுப் புடிப்பாரு" என்றார்கள். ஐயா இரவல் கேமராவோடு, சொந்தச் செலவில் போய் எடுத்துக்கொடுத்தார். கமிட்டி அந்தப் படத்தை வாங்கிக்கொண்டது. அவர் பெயரை விட்டுவிட்டது.

இப்போது இங்கே விளக்கைப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். மாலையோடு கமிட்டியார் வரிசையாக நிற்கிறார்கள். இதுவும் வெளிநாட்டுக்குப் போகும் என்று கேள்விப்பட்டேன். போகட்டும். ஆனால் கமிட்டியாரே, படத்தின் கீழே, அவரிடமிருந்து கேமராவைப் பறித்தவர்களும் நாங்கள்தான் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், ஐயாவின் வேலையை இன்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நான் எழுதி அனுப்புவேன்.