விழுந்தவனையும் பார்க்கச் சொன்னவர்

தலைவர் அவர்களே, செயலாளர் தம்பி சுதர்சன் அவர்களே, அம்மையாரின் பிள்ளைகளே, மெரிலேண்ட்ஸ் நாணய வட்டத்து நண்பர்களே, வணக்கம். இங்கே பேச என்னைவிடத் தகுந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். துணைத்தலைவர் என்ற முறையில் நான் பேச வேண்டும் என்கிறார்கள். எழுதி வந்ததை வாசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் வைத்தியர் சந்திரவதனா அம்மையார் கடந்த செவ்வாய்க்கிழமை நம்மைப் பிரிந்தார். பல்லில் ஊத்தை எடுக்கும் ஊசியால் பண்டைய உரோமப் பேரரசின் வெண்கலக் காசில் ஒட்டிய மண்ணை எடுத்தவர் அவர்! எழுத்துத் தெரிந்ததும் நாங்கள் கைதட்டுவோம். அவர் தட்டமாட்டார். "அரசன் தன்னைப் பற்றித் தானே சொல்லுறான். நாங்கள் ஏன் கைதட்ட வேணும்?" என்பார்.

விரல் நகமளவு ஒரு காசு. நான்காம் நூற்றாண்டு. முன்பக்கம் முடிசூடிய பேரரசன். பின்பக்கம் ஒரு போர்வீரன் ஈட்டியால் குத்துகிறான். குதிரையோடு விழுகிறவன் கையைப் பின்னால் நீட்டுகிறான். சுற்றிவர எழுதியிருப்பது என்ன? இனிய காலம் மீண்டது! யாருக்கு இனிய காலம்? அம்மையார் கேட்டது இதைத்தான். பரமட்டாவில் நாம் நடத்தவிருக்கும் கண்காட்சிக்கு அந்தக் காசின் விளக்க அட்டையை அவரே எழுதினார்: "இது பேரரசனின் சொல். விழுந்தவனின் சொல் நமக்குக் கிடைக்கவில்லை."

தம்பி சுதர்சன் தயங்கினார். கண்காட்சி குழப்பமின்றி நடக்க வேண்டுமே என்பது அவர் கவலை.

"அன்ரி, 'உரோமரின் வெற்றி' எண்டு போட்டால் போதும்தானே? பெரிய ஆக்கள் வருவினம். அரசியல் வேண்டாம்."

"காசடிச்சவன் அரசியல் செய்துபோட்டான், தம்பி. அதை வாசிக்கிறது மட்டும் அரசியலோ?"

பிறகு அம்மையார், பழைய ஆசிரியனான என் பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர், பல்லுப் பிடுங்க வந்த ஆள் மாதிரி முழிக்கிறியள்? வாயைத் திறவுங்கோ!"

எல்லோரும் சிரித்தோம். சுதர்சனும் சிரித்தார். ஆனால் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதற்குள் அம்மையார் போய்விட்டார். நேற்று சுதர்சன் தொலைபேசியில் கேட்டார்: "அங்கிள், இனி அன்ரியும் இல்லை. வெற்றி எண்டே போட்டுவிடுவமோ?" அட்டைகளின் இறுதி வாசகம் இப்போது என் பொறுப்பு.

தொலைபேசியை வைத்துவிட்டுக் காசை மறுபடி உருப்பெருக்கியில் பார்த்தேன். நூல்களோடு ஒப்பிட்டேன். என் கணிப்பில் எனக்கே அடிக்கடி ஐயம் வரும். இதில் வரவில்லை. ஈட்டி இருக்கிறது. விழுகிறவன் இருக்கிறான். அவன் சொல் இல்லை. அவர் எழுதியதில் மிகையாக ஒன்றுமே இல்லை.

அன்பர்களே! எழுதியவர் போனதும் எழுத்தை மாற்றலாமா? வென்றவன் சொன்னதை அப்படியே ஒப்புவிக்க ஒரு வட்டம் தேவையா? தேவையில்லை! சந்திரவதனா அம்மையார் தொடங்கிய வாசிப்பு நிற்காது. வழக்கம்போல் சனிக்கிழமைகளில் கூடுவோம். ஒவ்வொரு காசிடமும் அவர் கேட்டதையே கேட்போம். கண்காட்சி முடியும்வரை அந்தக் கண்ணாடிப் பெட்டியருகே ஒரு கதிரை போட்டு நான் இருப்பேன். ஆட்சேபம் உள்ளவர்கள் என்னிடம் வாருங்கள்.

தம்பி சுதர்சன், உங்களுக்கான பதிலை இந்தச் சபையிலேயே சொல்கிறேன். அம்மையார் எழுதியபடியே அட்டை இன்று காலை அச்சுக்குப் போய்விட்டது.